டீலக்ஸ் தங்கச்சியின் இருட்டுப் படங்கள்

பீலெஃபெல்ட்
22.08.2003

ஹனோவரில் எழுந்தருளியிருக்கும் அண்ணன் ஐங்கரன் அவர்களுக்கு,

நிருஷா எழுதுவது. யாரென்று மறந்துபோயிருந்தால் சொல்கிறேன்: உன் சொந்தத் தங்கச்சி. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே மூக்கு. பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாது என்று ஜெர்மன்காரர் பகிடி விடுவார்களே, வேலை பழகவென்று போய் ஒரு வருடம் சித்தப்பா வீட்டில் இருந்ததில் நீயும் அதை நம்பத் தொடங்கிவிட்டாய் போலிருக்கிறது.

உன் சீடி வந்து சேர்ந்தது. அதோடு ஒட்டியிருந்த துண்டும் வந்தது. "குக்ஸ்ஹாவன் கடற்கரைப் படங்கள் எல்லாம் இருட்டாய்ப் போச்சு. பிள்ளைகளின்ரை முகம் தெரியேல்லை. வெளிச்சமாக்கித் தா. செப்டெம்பர் 20 டிலக்சியின்ரை பிறந்தநாளுக்கு மண்டபத்தில பீமர் வைச்சுச் சுவரில பெரிசாப் போடப்போறம்." அவ்வளவுதான். "சுகமா?" என்றுகூட ஒரு சொல் இல்லை. ஹனோவர் போனபிறகு உனக்குக் கன ஓவர்.

படங்களைப் பார்த்தேன். நாற்பது படம், நாற்பதும் கரிச்சட்டி. உன் பிழைதான். சூரியனையும் கடலையும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் விட்டு எடுத்திருக்கிறாய், நீ நிற்கிற படங்களில் மற்றவர்களையும் அப்படியே எடுக்க வைத்திருக்கிறாய். கமெரா வானத்தைப் பார்த்து "அப்பாடா, என்ன வெளிச்சம்" என்று கண்ணைச் சுருக்கிவிட்டது. போட்டோஷொப்பில் திறந்தால் வெளிச்சக் கணக்கு ஒரு மலைபோலத் தெரியுமே, அந்த மலை முழுவதும் இடது மூலையில் குவிந்து கிடக்கிறது. வலது பக்கம் வெறும் தரவை நிலம். வலது பக்கத்துக் குட்டி முக்கோணத்தைப் பிடித்து இடப்பக்கம் இழுக்க வேண்டும். முகம் வரும். கூடவே சின்னமுத்து வந்ததுபோலச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகளும் வரும். அதற்குப் பிறகு புள்ளி பொறுக்குகிற வேலை. எல்லாம் எனக்குத் தெரியும். நீ விட்டுப்போன கொம்பியூட்டரோடு தனியாக இருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை?

17ஆம் படத்தை இழுத்தேன். இருட்டுக்குள் இருந்து சித்தப்பாவின் செல்ல மகள் டிலக்சி வந்தாள். ஆறு வயது, முன்பல் இல்லை, உன் தோளில் ஏறி இருக்கிறாள். தலையில் உன் நீலத் தொப்பி. எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகம் ஆர்மினியாவின் தொப்பி. நான் ஒருமுறை தொட்டதற்கு ஒரு கிழமை என்னோடு பேசாமல் இருந்தாயே, அதே தொப்பி.

முக்கோணத்தைத் திரும்ப வலப்பக்கம் தள்ளிவிட்டேன். இருட்டில் படம் நன்றாகவே இருந்தது.

பின்குறிப்பு: செப்டெம்பர் 20 வேறு யாருக்கோ பிறந்தநாள் என்று ஞாபகம். பதினாறு வயதாகிற யாரோ. விசாரித்து எழுது. ரெலிபோன் எடுக்காதே, நான் உன்னோடு பேசுவதில்லை. எழுதுவது பேசுவதில் சேராது.

இப்படிக்கு,
டிலக்சி டீலக்ஸ் என்றால்,
சாதா தங்கச்சி

*

ஹனோவர்
27.08.2003

அன்புள்ள நிருஷா,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேலைத்தளத்தில் வைத்துப் படித்தேன். சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

உன் பிறந்தநாளை நான் மறக்கவில்லை. டிலக்சிக்குப் பிறந்தநாள் 17ஆம் திகதி, புதன்கிழமை. மண்டபம் 20ஆம் திகதி சனிக்கிழமைதான் கிடைத்தது. சித்தி கேட்டா, "தம்பி, பீமர் வேலை உன்ரை பொறுப்பு, என்ன?" நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் திகதி மண்டையில் ஏறியது. சாப்பாடு போட்டு, இருக்க இடமும் தருகிறவர்கள். திரும்பப் போய் ஏலாது என்று எப்படிச் சொல்வது? ஞாயிறு காலமை முதல் ரெயினில் வருகிறேன்.

கடலுக்கு உன்னைக் கூட்டிப்போகாததற்கும் நான்தான் காரணம் என்று நினைக்கிறாய். சித்தப்பாவின் காரில் ஐந்து இருக்கை. அவர், சித்தி, டிலக்சி, சின்னவன் சயுரன், நான். காரை நான் செய்யவில்லை.

அங்கே இருந்து பின்னேரங்களில் உனக்கு ரெலிபோன் எடுத்தேன். கைபேசியில் காசு முடிந்துவிட்டது, கடற்கரை ரெலிபோன் பெட்டியில் இருந்து எடுத்தேன். ஒவ்வொரு முறையும் லைன் பிசி.

தொப்பி: சரியான வெயில். பிள்ளைக்குத் தலை சுட்டது.

சித்தி ஒரு விசயம் சொல்லச் சொன்னா. "டிலக்சியை இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கச் சொல்லு. ஆக்கள் பாக்கிற படம்." கோபிக்காதே, சொன்னதை எழுதுகிறேன்.

அன்புடன் அண்ணா

*

பீலெஃபெல்ட்
31.08.2003

மதிப்புக்குரிய ஐங்கரன் அவர்களுக்கு,

இன்று முதல் உங்களுக்கு "நீங்கள்" போடுவதாக முடிவு செய்திருக்கிறேன். மற்றவர்கள் வீட்டு ஆட்களுக்கு மரியாதை கொடுக்கத்தானே வேண்டும்.

முதல் பத்துப் படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வத்சலாச் சித்தியின் உத்தரவு அப்படியே நிறைவேற்றப்பட்டுள்ளது. முகத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, வெள்ளையைக் கூட்டினேன். போதாது போலிருந்தது. இன்னும் கூட்டினேன். 4ஆம் படத்தில் டிலக்சி கோதுமை மா மூட்டைக்குள் விழுந்து எழும்பியவள் மாதிரி இருக்கிறாள். 7இல் முகமே இல்லை, இரண்டு கண்ணும் ஒரு ஐஸ்கிரீமும்தான் மிச்சம். சித்தியிடம் சொல்லுங்கோ: வெளிச்சம் வேறை, வெள்ளை வேறை. வெளிச்சம் என்னால் தர முடியும். அந்தப் பிள்ளையின் நிறம் வடிவாகத்தான் இருக்கிறது, என் நிறம்தான் அதுவும். வேண்டுமென்றால் மற்றப் பிரதி சீடியில் ஒழுங்காக இருக்கிறது, அதை எடுங்கோ. (அவளில் எனக்கு எரிச்சல். அவளுடைய நிறத்தில் இல்லை.)

எரிச்சல் என்று எழுதியாகிவிட்டது, முழுவதையும் எழுதுகிறேன். நீங்கள் பழகப்போனது மின்சார வேலை என்று வீட்டில் சொன்னார்கள். படங்களைப் பார்த்தால் அண்ணன் வேலை பழகுவதுபோல் இருக்கிறது. 9ஆம் படத்தில் சயுரனின் சப்பாத்துக் கயிறு கட்டுகிறீர்கள். அந்த முடிச்சு, இரண்டு முயல் காது முடிச்சு, எனக்குக் கண்டுபிடித்துத் தந்தது. அதை ஏன் கொடுத்தீர்கள்? வேறு முடிச்சே இல்லையா உலகத்தில்? நான் ஒவ்வொரு முகமாகப் புள்ளி பொறுக்கித் துடைத்து, இந்தப் பிள்ளைகள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பை இன்னும் தெளிவாக்கிக்கொண்டிருக்கிறேன். என்னைவிட விசரி எங்கேயும் இருப்பாளா?

ரெலிபோன் எடுத்தீர்களாம். லைன் பிசியாம். பொய். எடுத்திருந்தால் மணி அடித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். நான் வீட்டில் இருக்கமாட்டேன். ஊரே இல்லை, வீடு எங்கே இருக்கப்போகிறது?

நிருஷா

*

ஹனோவர்
05.09.2003

நிருஷா,

"நீங்கள்" என்று எழுதியதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. விடு.

4ஆம் படத்தைப் பார்த்துச் சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டா. சித்தப்பா குசினிக்குள் போய் நின்று சிரித்தார். டிலக்சிக்கு அது மெத்தப் பிடித்துவிட்டது. "ஆர் செய்தது?" என்று கேட்டாள். நிருஷா அக்கா என்றேன். "அவா ஏன் கடலுக்கு வரேல்லை?" என்றாள். காரில் இடமில்லை என்றேன். "மடியில இருந்திருக்கலாம்தானே" என்றாள்.

நான் இங்கே என்னவாக இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. என் அறையில் பாதி இடம் உடுப்பு அழுத்துகிற மேசைக்கு. சித்தி உடுப்பு அழுத்தி முடியும்வரை நான் வெளியில். சாப்பிட்ட கோப்பைகளை நான்தான் கழுவுகிறேன், யாரும் சொல்லவில்லை, சும்மா இருக்கக் கூச்சமாக இருக்கிறது. கடலுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் கூட்டிப்போனார்கள். அவர்கள் நல்லவர்கள். ஆனால் நம்முடைய வீட்டில் நான் குளிர்சாதனப் பெட்டியைக் கேட்காமல் திறப்பேன். இங்கே ஒரு வருடமாகக் கேட்டுத்தான் திறக்கிறேன்.

முயல் காது முடிச்சுக்கு மன்னித்துக்கொள். எனக்கு வேறு முடிச்சுத் தெரியாது.

ஆனால் பொய் என்று எழுதியதற்கு நீ மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் எடுத்தேன்.

நீ வரவேண்டாம் என்றால் ஞாயிறு வரவில்லை.

அண்ணா

*

பீலெஃபெல்ட்
10.09.2003

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

மிச்சப் படங்களும் இத்துடன். வேலை சுத்தம். நிறம் சொந்த நிறம், வானம் நீலம், மணல் மணல். வரிசைப்படி அடுக்கி இருக்கிறேன், பீமரில் போட்டால் தானாக ஓடும். நீங்கள் மினக்கெட்டு முன்கூட்டியே திறந்து பார்க்கத் தேவையில்லை. நேரே மண்டபத்திலேயே போடுங்கோ. இருநூறு பேருக்கு முன்னால் புதுசாகப் பார்த்தால்தான் சந்தோசம்.

31ஆம் படம் மட்டும் வைக்கவில்லை. அது படமில்லை, நிலக்கரி. நேரம் கிடைத்தால் பார்க்கிறேன்.

டிலக்சிக்கு என் வாழ்த்துகள். டீலக்ஸாக வாழட்டும்.

மிகவும் நல்ல பிள்ளையாகிய,
நிருஷா

*

பீலெஃபெல்ட்
16.09.2003

அண்ணா,

அவசரம். இதை நின்றுகொண்டே படி.

நான் அனுப்பிய சீடியின் கடைசிப் படத்தைத் தூக்கு. பார்க்காமல் தூக்கு. பார்த்துவிட்டாய் என்றால் பார்க்கவில்லை என்று சொல். என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன்: நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம், மேலே பெரிய எழுத்தில் "வாடகை அண்ணன். தோளில் ஏற்றுவார், சப்பாத்துக் கட்டுவார். மணித்தியாலத்துக்கு ஒரு ஐஸ்கிரீம். சொந்தத் தங்கச்சி உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம்." செய்தபோது நான் கதிரையில் இருந்து விழுந்து சிரித்தேன். இப்போது மண்டபத்தில் பார்க்கப்போகிறவர்களை எண்ணுகிறேன். இருநூறு பேர், சித்தப்பா, சித்தி, நீ.

மற்றப் படங்களிலும் ஒரு சின்ன வேலை செய்திருக்கிறேன். அதை நேரமிருந்தால் தூக்கு.

நடந்தது இதுதான். நேற்றுப் பின்னேரம் 31ஐத் திறந்தேன். சித்தி எடுத்த படம் போல, பொழுது படுகிற நேரம். டிலக்சியும் சயுரனும் மதிலில் இருந்து ஐஸ்கிரீம் குடிக்கிறார்கள், பின்னால் முழுக் கறுப்பு. டிலக்சியின் ஐஸ்கிரீம் என்ன நிறம் என்று பார்த்து அதிலும் பொறாமைப்படுவோம் என்றுதான் நடு முக்கோணத்தை இழுத்தேன். அது போதவில்லை. இன்னும் இழுத்தேன். பிள்ளைகளுக்குச் சின்னமுத்து உச்சத்துக்குப் போய்விட்டது. ஆனால் பின்னால் இருந்த கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பலானது. அதற்குள் ஒரு ரெலிபோன் பெட்டி. பெட்டிக்குள் ஒரு நீட்டு முதுகு. ஒரு காலைத் தூக்கி மற்றக் காலைச் சொறிந்துகொண்டு நிற்கிற ஆள்.

மறுமுனையில் யாராவது எடுக்கும்வரை அப்படிச் சொறிகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

அம்மாவிடம் போய்க் கேட்டேன். "அந்தக் கிழமையோ? நீ விடிஞ்சாப் பொழுதுபட்டா இன்ரநெற்றுக்குள்ள கிடந்தாய். எங்கட வீட்டில ஒரு லைன்தானே இருக்கு. ஆருக்குக் கிடைக்கும்? அவன் எனக்கு வேலைத்தளத்துக்கு எடுத்துச் சொன்னவன், 'நிருஷா எடுக்கிறாளில்லை அம்மா' எண்டு." இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீ எங்க காதை வெளியில வைச்சிருந்தாய்?" என்றா.

மன்னித்துக்கொள். அதை முழு எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீ பொய் சொல்லவில்லை.

பேசா விரதத்தை முறித்து இன்று உனக்கு ரெலிபோன் எடுத்தேன். பிசி. சித்தி மண்டபக்காரரோடும் கேக்குக்காரரோடும் பேசுகிறா போல. பின்னேரம் முழுவதும் அந்தத் தூட் தூட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரியும்.

31ஐயும் ஒரு சீடியில் போட்டு இத்துடன் வைக்கிறேன். அது உனக்கு.

ஞாயிறு வா. ஊர் இருக்கிறது.

நிருஷா

*

ஹனோவருக்கும் பீலெஃபெல்டுக்கும் நடுவில், ரெயினில்
21.09.2003

நிருஷா,

இன்னும் ஒரு மணித்தியாலத்தில் உன் முன்னால் நிற்பேன். ஆனால் அம்மாவும் அப்பாவும் இருக்கையில் இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதிக்கொண்டு வருகிறேன். ரெயின் ஆடுகிறது, எழுத்தும் ஆடும்.

உன் அவசரக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஆனால் சீடியை நான் போன வெள்ளிக்கிழமையே திறந்து பார்த்துவிட்டேன். சோதிக்காத வயரில் மின்சாரம் விடக்கூடாது என்று எங்களுக்கு வேலை பழக்குகிற மைஸ்டர் முதல் நாளே சொல்லித் தந்தார். அதிலும் நீ "பார்க்கத் தேவையில்லை" என்று எழுதினால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

வாடகை அண்ணனைப் பார்த்தேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை, தலையிடி என்று சொன்னேன். உன்னில் கோபமில்லை. அது சரியாக இருக்கிறதே என்றுதான் கஷ்டமாக இருந்தது. அந்தப் படத்தை அப்போதே தூக்கிவிட்டேன்.

மற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 12இல் கடற்கரைக் கூடைக் கதிரைக்குள் இருந்து நீ எட்டிப் பார்க்கிறாய். 20இல் மணலுக்குள் புதைந்து தலை மட்டும் வெளியில். 17இல் டிலக்சியைத் தோளில் வைத்திருக்கிற எனக்குப் பக்கத்தில் நிற்கிறாய், அவள் தலையில் இருந்த தொப்பி உன் தலையில். நல்ல வேலை. ஒரு பிழைதான்: எல்லாருடைய நிழலும் இடப்பக்கம் விழ, உன்னுடையது மட்டும் வலப்பக்கம் விழுகிறது. பல்கனியில் எடுத்த உன் படத்தை வெட்டி ஒட்டினாயா?

அவற்றைத் தூக்கவில்லை. நிற்கட்டும் என்று விட்டேன்.

நேற்று மண்டபத்தில் விளக்கை அணைத்துப் படம் ஓடத் தொடங்கியது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. நீ நாலைந்து படத்தில் வந்த பிறகு பின்வரிசையில் இருந்து தங்கராசா அண்ணையின் குரல் வந்தது. "சிவகுரு, உந்தப் பெட்டை ஆரடாப்பா? உன்ரை மூத்தவளே? சொல்லவே இல்லை!" எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் "இல்லை அண்ணை, அது…" என்று எழும்பினார். அதற்குள் டிலக்சி, கேக்கு வெட்டவென்று கையில் கொடுத்திருந்த மைக்கோடு, சொல்லிவிட்டாள். "அது எங்கட நிருஷா அக்கா! கார்ல இடமில்லை எண்டு விட்டிட்டு வந்தவை. அதான் பிறகு வந்து நிக்கிறா."

மைக்கில் சொன்னதை மண்டபமே கேட்டது. சிரிப்பு ஒருபக்கமாக நின்றுபோனது. சித்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்யத் தொடங்கினா.

வாடகை அண்ணன் இருந்த இடத்தில் நான் 31ஐப் போட்டிருந்தேன். கடைசியாக அதுதான் வந்தது. புள்ளியும் சாம்பலுமாக, சுவர் அளவுக்கு. சித்தப்பா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "உது நீயெல்லே? நாங்கள் எல்லாரும் ஐஸ்கிரீம் குடிக்கேக்க நீ அங்க என்ன செய்தனி?" நிருஷாவுக்கு எடுத்தேன் என்றேன். திரும்ப ஒருமுறை சுவரைப் பார்த்தார். பிறகு கேட்டார், "அவளுக்கும் இந்த மாசம்தானே பிறந்தநாள்?" இண்டைக்கு என்றேன். அவர் திரும்பிச் சித்தியைப் பார்த்த பார்வையில் சித்தி கதிரையில் இருந்துவிட்டா.

கேக்கில் ஒரு துண்டு கொண்டு வருகிறேன். டிலக்சியே கையால் காட்டி வெட்டச் சொன்னாள். அவள் பெயரின் முதல் எழுத்து அதில்தான் இருக்கிறது.

இன்னொரு சாமானும் கொண்டு வருகிறேன். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

ஸ்டேஷன் வருகிறது.

அண்ணா

*

பீலெஃபெல்ட்
24.09.2003

டேய் அண்ணா,

"நீ"க்குத் திரும்பியாகிவிட்டது, அனுபவி.

டீலக்ஸின் "டி"யைத் தின்றேன். இனிப்பு அதிகம். ஆனாலும் முழுதாகத் தின்றேன், யாருக்கும் ஒரு வாய் கொடுக்கவில்லை.

தொப்பிக்கு நன்றி சொல்லமாட்டேன், அது எனக்குப் பத்து வருடம் முந்தியே வந்திருக்க வேண்டியது. போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மேசையில் கழற்றி வைத்தபோது உள்மடிப்பில் இருந்து மணல் கொட்டியது. நான் போகாத கடலின் மணல். மோந்து பார்த்தேன், ஸ்ட்ரோபெரி ஷாம்பு மணம். உன்னுடையது அல்ல. இரண்டு தரம் கழுவிவிட்டேன். இன்னும் கொஞ்சம் மணக்கிறது. மூன்றாம் தரமும் கழுவுவேன்.

சித்தப்பா நேற்று ரெலிபோன் எடுத்தார். (லைன் கிடைத்தது, கவனி.) ஒக்டோபர் லீவுக்கு ஒன்பது பேர் இருக்கிற வான் ஒன்று எடுக்கிறாராம், எல்லாரும் போவோமாம். ஓம் என்றேன். இருக்கைத் திட்டம் இப்போதே போட்டுவிட்டேன்: யன்னல் பக்கம் நான், எனக்குப் பக்கத்தில் நீ. டிலக்சி பின்னுக்கு. மடியில் இருக்க ஆசை என்றால் சித்தியின் மடி இருக்கிறது. மைக் கையில் கிடைத்ததும் எனக்காகப் பேசினாள்தான், அதற்காக முயல் காது முடிச்சை அவளுக்கு விட்டுத்தருகிறேன். அதோடு சரி.

ஞாயிறு அப்பா எடுத்த படத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றினேன். பல்கனிக் கதவுக்கு முன்னால், நீயும் நானும். நீதானே "இங்க நிப்பம், வெளிச்சம் நல்லாயிருக்கு" என்று இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாய். முழு வெளிச்சமும் எங்களுக்குப் பின்னால். ஒரு வருடம் மின்சாரம் படித்தும் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று உனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கறுப்புப் பொம்மை. ஒன்றின் தலையில் தொப்பி. மற்றது ஒரு காலால் மற்றக் காலைச் சொறிகிறது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, முகம் ஒண்டும் தெரியேல்லை. வெளிச்சமாக்கன் பிள்ளை, சித்தப்பா வீட்டுக்கும் ஒண்டு அனுப்புவம்" என்றா.

ஏலாது என்று சொல்லிவிட்டேன்.

அதில் யார் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஹனோவரில் இருக்கிறவர்களுக்குத் தெரியத் தேவையில்லை.

நிருஷா